கோடு விழாத சட்டை

ஜோலின் ஹாவ்லிக்கால் தன் கண்களையே நம்ப முடியவில்லை. மகள் டெஸ் கழற்றிப் போட்ட மஞ்சள் சட்டையின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை.

அன்று காலைதான் பள்ளியில் ஓட்டம். இலையுதிர் காலம் வந்தால் ஒவ்வொரு வருடமும் நடப்பது. பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். சுற்றுக்கு இவ்வளவு என்று உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பள்ளிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஒரு சுற்று முடிந்தால், ஓட்டப் பாதையோரம் கட்டிய கயிற்றருகே நிற்கும் பெற்றோர் பிள்ளையின் முதுகில் கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜோலினும் கோடு போடத்தான் போய் நின்றிருந்தாள்.

டெஸ் ஓடியதை இரண்டு கண்ணாலும் பார்த்தாளே! கன்னம் சிவக்க, குதிரைவால் துள்ள, மூச்சு வாங்க வாங்க ஓடினாள். ஒவ்வொரு முறையும் கயிற்றின் அந்தப் பக்கமாக வளைந்து போனாள். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டதல்லவா, அம்மாவிடம் முதுகைக் காட்டக் கூச்சம், வேறு யாரோ போட்டிருப்பார்கள் என்று ஜோலின் நினைத்துக்கொண்டாள்.

"யாருமே உனக்குக் கோடு போடலையாடி?"

"நான்தான் போட விடல. குனிஞ்சு ஓடிட்டேன்."

"பைத்தியமா உனக்கு? கோடு இல்லன்னா ஓடலைன்னு ஆயிடுமே! மாடி வீட்டு கார்ல் ப்ரெக்கே உனக்காகச் சுத்துக்கு ரெண்டு டாலர் தரேன்னாரே!"

"அதுக்குத்தாம்மா."

ஜோலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காகித ஆலைய மூடினதுல மிஸ்டர் ப்ரெக்கேக்கு வேலை போச்சுல்ல? போன வாரம் கடையில இறைச்சிப் பொட்டலத்த எடுத்து, விலையப் பாத்துட்டு, திரும்ப வச்சுட்டாரு. நான் பாத்தேன். நான் நிறைய ஓடினா அவரு என்னத்தச் சாப்பிடுவாரு?"

"அப்போ ஓடாம நின்னிருக்கலாமே, கண்ணு!"

"எப்படி நிக்கறது? வேலியப் புடிச்சுக்கிட்டு 'ஓடு டெஸ், ஓடு'ன்னு கத்தினாரே. நின்னா வருத்தப்படுவாருல்ல?"

மகளை அள்ளி அணைப்பதா, முதுகில் ஒன்று வைப்பதா? முதலில் கணக்கைச் சரிசெய்வோம் என்று பெற்றோர் சங்கத்து ஷெல்பியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஷெல்பி, டெஸ் சட்டையில கோடே இல்ல. அவ எத்தனை சுத்துன்னு..."

"அட போ ஜோலின்! அதெல்லாம் யாரு எண்ணிட்டிருக்கா? எல்லாப் பிள்ளைக்கும் முப்பத்தஞ்சுன்னு போட்டு, பணம் தரேன்னவங்க எல்லாருக்கும் அப்பவே தகவல் அனுப்பியாச்சு. பிள்ளைங்களுக்குள்ள ஏத்த இறக்கம் வேணாம்ல?"

"அப்போ நான் எதுக்கு வெயில்ல மையும் கையுமா நின்னேன்?"

"பிள்ளைங்களுக்குப் பிடிக்குமே!" ஷெல்பி சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஜோலின் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். ஒரு குழந்தை நெஞ்சு வெடிக்க ஓடியும் ஓடாதவளாக ஆகப் பார்த்தாள். ஓடாமல் புல்லில் உட்கார்ந்திருந்தவனும் முப்பத்தைந்து சுற்று ஓடியவனாகிவிட்டான். எது ஓட்டம்? எது கொடை? இதை டெஸ்ஸிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்குள் கதவு தட்டப்பட்டது. கார்ல் ப்ரெக்கே. தலையைப் படிய வாரி, கையில் ஒரு உறையோடு நின்றார்.

"எங்க நம்ம ஓட்டக்காரி? எங்க, சட்டையக் காட்டு பாப்போம்!"

டெஸ் சட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"கார்ல்... இப்ப என்ன அவசரம்? மெதுவாப் பாத்துக்கலாமே," என்றாள் ஜோலின்.

அவர் முகம் வாடிப்போயிற்று. சின்னவளையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜோலின், ஆலைய மூடின நாள்லேர்ந்து எல்லாரும் எனக்குக் குடுக்கறாங்க. சர்ச்சுல சூப்பு குடுக்கறாங்க. எங்க அக்கா பழைய கோட்டு குடுத்தா. நான் ஒருத்தருக்குக் குடுக்கறேன்னு சொன்னது இது ஒண்ணுதாம்மா. இதையும் பிடுங்கிக்கறியா?"

ஜோலினின் கண்கள் குளமாயின.

"அப்போ அந்த இறைச்சி?" டெஸ் மெல்லக் கேட்டாள். "விலையப் பாத்துட்டு வச்சுட்டீங்களே?"

கார்ல் ஒரு கணம் விழித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அட அதுவா! முழுக்கக் கொழுப்புடி அது! அதத் தின்னா நானும் உன்னை மாதிரி முப்பத்தஞ்சு சுத்து ஓடித்தான் கரைக்கணும்!"

அது உண்மையா, பொய்யா? அவர் சிரிப்பைக் கூர்ந்து பார்த்தும் ஜோலினால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் உறையை நீட்டினார். டெஸ் கை நீட்டவில்லை, அம்மாவைப் பார்த்தாள். கார்லும் ஜோலினைத்தான் பார்த்தார். வாங்கினால் மகள் கோடு விழாமல் ஓடியது வீண். வாங்காவிட்டால் ஒரு மனிதனின் தலை குனியும்.

"வாங்கிக்கோடி," என்றாள், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்க. "நன்றி சொல்லு."

கார்ல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறினார். அடுப்பில் மூன்று பேருக்குப் போதும்படி உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்து மணத்துக்கொண்டிருந்தது. 'சாப்பிட்டுப் போங்க கார்ல்' என்று கூப்பிட ஜோலின் வாயைத் திறந்தாள். நேற்றாக இருந்தால் யோசிக்காமல் கூப்பிட்டிருப்பாள். மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.