முதல் பாகம் மட்டும் படித்த தையல்காரர்

தெருமுனைத் தையல்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஊசி. தொழிலைப் பார்த்து வைத்தது என்று அவர் நம்பினார். நாக்கைப் பார்த்து வைத்தது என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் இல்லை. ஒருவர் இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றிவிட்டால் போதும், அவருக்கு உண்மை பேசும் வெறி வந்துவிடும். "நாடா முடிஞ்சிடுச்சு, நீங்க இன்னும் முடியலயே" என்பார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடையில் ஈ ஓட்டும் நிலை வந்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் துணியைக் கீழே வைத்தாள்.

"வாயை மூடுறீங்களா, கடையை மூடலாமா?"

எதிர்க் குடியிருப்புக்கு வேற்றுமொழிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களையாவது பிடிக்கலாமே என்று, அவர்கள் மொழியைக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் கணவரைச் சேர்த்துவிட்டாள்.

எந்த மொழியானாலும் முதல் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் மகா சாதுக்கள். அதில் வணக்கம் உண்டு, நன்றி உண்டு, சிரமத்துக்கு மன்னிக்கவும் உண்டு. தொப்பை கிடையாது. ஆகவே எதிர்க் குடியிருப்பிலிருந்து பருத்த அம்மாள் ஒருத்தி அளவு கொடுக்க வந்தபோது, ஊசியின் வாய் திறந்தது, துழாவியது, அகப்பட்டதை எடுத்தது. "உங்களைக் கண்டதில் மிக்க மகிழ்ச்சி. தயவுசெய்து கையை உயர்த்துங்கள்."

இப்படியொரு பண்பாளரா என்று அந்த அம்மாள் மாடிக்கு மாடி சொல்லிவிட்டாள். கடை நிரம்பியது.

இதையெல்லாம் மருந்துக்கடைக்காரர் வரிசையில் நின்று பார்த்தார். அவர் முறை வந்ததும் வழக்கமான பூசைதான். "பேன்ட் தைக்கணுமா, தலகாணி உறையா?" மனிதர் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வந்தவர், எங்கே கற்றாரோ, அந்தப் புது மொழியிலேயே, "வணக்கம், நலமா?" என்றார்.

ஊசி திகைத்தார். தாய்மொழிக்குத் திரும்பினால் தன் படிப்பு இவ்வளவுதான் என்று ஆகிவிடும். மானப் பிரச்சினை. தொண்டை வரை வந்த தலையணையை மென்று விழுங்கிவிட்டு, "உங்களைக் கண்டதில் மிக்க மகிழ்ச்சி" என்றார்.

பிறகென்ன, தெருவே வகுப்பில் சேர்ந்தது. மொழி கற்றால் அறிவு வளரும் என்கிறார்கள், இருக்கலாம். இந்தத் தெருக்காரர்களுக்கு மரியாதையாக ஒரு சட்டை கிடைத்தால் போதும்.

இதற்கிடையில் ஊசி இரண்டாம் பாகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"அடியே, அதுல எல்லாம் இருக்கு! உடம்பு பாகமெல்லாம் படத்தோட! யானையைவிடப் பெரிசுன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு முழுப் பாடமே இருக்கு!"

"அப்படியா" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

மறுநாள் காலை அவள் ஆசிரியையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். "டீச்சர், இவர் பாஸாயிட்டா எங்க கடை போயிடும். எப்படியாவது பெயிலாக்கிடுங்க."

ஆசிரியை யோசிக்கவே இல்லை. முன்பொருமுறை அந்தக் கடையில் கோட்டுக்கு அளவு கொடுத்தவர் அவர்.

இன்றும் ஊசி முதல் நிலை வகுப்பில்தான், முன்வரிசையில். "உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் பழுக்கணும்னு டீச்சர் சொல்றாங்க" என்பார் பெருமையாக.

"அவசரமே இல்லண்ணே, நிதானமாப் படிங்க" என்பார்கள் பின்வரிசை வாடிக்கையாளர்கள், ஒரே குரலில்.