இரண்டாவது குலவை

எங்கள் பக்கத்து வழக்கங்களைக் குறும்படங்களாக எடுத்து வைப்பதற்காகவே போடிக்குத் திரும்பி வந்தவன் நான். அன்று காலையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குலவைச் சத்தம்.

ஏலக்காய் எடுப்பு தொடங்கும் நாளில், தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு போடிமெட்டுச் சாலை வளைவு ஒன்றில் நிற்கும். அங்கிருக்கும் அம்மனுக்குச் சூடம் காட்டிக் குலவை போடுவார்கள். கேமராவோடு காத்திருந்தேன். குலவை எழுந்த அதே நொடியில் டிரைவர் ஹாரனை அமுக்கினார், நீளமாக.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?"

"நான் ஆத்தாவை வேற எப்படித் தம்பி கும்பிடுறது?"

பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு முறை குலவை போடச் சொல்லிப் பெண்களிடம் கேட்டேன். "சும்மா சும்மா போடக்கூடாதுப்பா, ஆத்தாவைக் கூப்பிடுற மாதிரி ஆயிரும்" என்றார்கள். விடாமல் நச்சரித்தேன். போட்டார்கள். ஹாரன் இல்லை, காற்று இல்லை, அவ்வளவு சுத்தமான குலவை. அது அடங்குவதற்குள் ஓர் அக்காமீது சாமி இறங்கிவிட்டது. முடி அவிழ, நேராக என்னிடம் வந்தார்.

"ஒருக்கா கூப்பிட்டீக, வந்தேன். மறுக்கா எதுக்குடா கூப்பிட்ட?"

முதல் பதிவில் ஹாரன் சத்தம் விழுந்துவிட்டது என்று அம்மனிடம் எப்படிச் சொல்வது? கேமராவை அணைத்து ஜீப்பு சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி நின்றேன். படமாக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

டிரைவர் தலையை நீட்டினார். "ஆத்தா கேக்குதுல்ல, வெரசா பதில் சொல்லுங்க தம்பி. மேல சோலி கெடக்கு."