மடங்கியிருந்த இரண்டு வரிகள்

ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் அப்போது நான் கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷினை ஓட்டியவர் சாமல்பட்டிக்காரர். அந்த மாதம் அவருக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. எந்த இடத்தில் வெட்டும் டூல் இடிக்கும் என்று அவர் சொல்வார். நான் அதை ஆங்கில எழுத்தில் தமிழாகவே புரோகிராமுக்குள் குறிப்பாகப் போடுவேன். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வரும் இடத்தில், ‘கிளாம்ப் இருக்கு, தூக்கிட்டுப் போ’ என்று ஒன்று. மெஷின் அதைப் படிக்காது, நாங்கள்தான் படிப்போம்.

ஆடிட்டுக்கு ஆள் வருகிறது, இந்தக் கிறுக்கலையெல்லாம் எடு என்றார் மேனேஜர். எரிச்சலோடு மளமளவென்று அழித்தேன். புரோகிராம் எழுதும் எங்கள் எடிட்டரில் ஓரத்தைத் தட்டினால் கீழ்வரிகள் மேல்வரிக்குள் மடங்கிக்கொள்ளும். நான் எப்போதோ மடக்கிய ஒன்று அப்படியே இருந்திருக்கிறது. மேல்வரியை அழித்தால் மடங்கியதும் சேர்ந்தே போகும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை டூல் கிளாம்பில் மோதி, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் போய்விட்டது. மெஷினை ஓட்டியவர் வெளிறிப்போய் வந்தார்.

“மேடம், புரோகிராம்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“குறிப்பை மட்டுந்தாண்ணா எடுத்தேன். வேற ஒண்ணும் தொடல.”

அந்த நேரத்தில் அது பொய்யில்லை. மதியம் பழைய பிரதியைத் திறந்தேன். கிளாம்ப் குறிப்பின் கீழே மடிப்பை விரித்ததும் இரண்டு வரிகள் தெரிந்தன: டூலை மேலே தூக்கச் சொல்லும் வரிகள். உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அந்த இரண்டையும் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அதுதான் அவருக்கு வினையாகிப்போனது. ஸ்பிண்டில் மாற்றியபின் வேறொருவர் அதே புரோகிராமை ஓட்டினார். ஒரு கீறல்கூட விழவில்லை. ஜூஜுவாடி எல்லை தாண்டி கர்நாடகத்திலிருந்து தினமும் வரும் மேனேஜர் தன் கன்னடத் தமிழில், “நோடு, பாரு, புரோகிராம்ல ஏனூ இல்ல, ஒரு தப்பும் இல்ல. கிளாம்ப் மாட்டுன கைதான் சரியில்ல” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயம்தான்; வேறு காரணம் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

சாமல்பட்டிக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடித்த அன்று என் மேஜைக்கு வந்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நம்பப் பார்க்கிறேன்.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன் மேடம். சரியா மாட்டுனேன்னுதான் தோணுது. ஆனா நீங்களே தொடலன்னு சொன்னப்புறம், என் கைமேல எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க” என்றார்.