பெரிய பூட்ஸ், சின்னத் தலை

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தில் எல்லோரும் அவளை டிக்‌ஷனரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போகும் கடிதங்களையும் ரிப்போர்ட்டுகளையும் ஆங்கிலத்தில் எழுதுவது அவள் வேலை. பதினேழு வருஷமாக எழுதுகிறாள். இன்றுவரை ஒரு வினைச்சொல்லைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில்லை.

நடந்ததை ஒருவர் ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் அவளுக்கு அது ‘டிஸ்கிரைப்’. தலைப்பை மட்டும் தொட்டுவிட்டு ஓடினால் ‘அவுட்லைன்’. படம் போட்டுக் காட்டினால் ‘டிபிக்ட்’. அந்தச் சொல்லையும் படத்தை நேரில் பார்க்காமல் போடமாட்டாள். வீட்டிலும் இதே கூத்துதான். ஒரு நாள் டெய்லரான அவள் வீட்டுக்காரர், “பக்கத்து வீட்டுல சண்டை” என்றார்.

“இது வெறும் அவுட்லைன். டிஸ்கிரைப் பண்ணுங்க.”

அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, “நீயே போய் எட்டிப் பாத்துட்டு வா. வந்து எனக்குப் படம் போட்டுக் காட்டு” என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். இவள் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவளின் மேஜைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட்காரரின் தலைவிதி வந்து சேர்ந்தது.

கட்டடத்தில் இருப்பது பழைய லிஃப்ட். உள்ளேயும் வெளியேயும் இழுத்து மூடுகிற கம்பிக் கதவுகள். ஓடும்போது எதைத் திறந்தாலும் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். முந்தின வாரம் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மேனேஜர் மூச்சிரைக்கப் படியேறிப் போனால், லிஃப்ட்காரர் மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். லிஃப்டை அம்போவென்று விட்டுவிட்டு எங்கோ போயிருக்கிறார், கீழிருந்து யாரோ பட்டனை அழுத்தியதும் அது பாதி வழியில் மாட்டிக்கொண்டது என்று மேனேஜர் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். “உள்ளதான் சார் இருந்தேன்” என்றார். மேனேஜர் கத்தினார். அதோடு வாய் மூடிக்கொண்டது. எழுதிக் கொடு என்றார்கள். எழுத வராது. ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் அந்தக் காகிதத்தை டிக்‌ஷனரி அக்காவின் மேஜையில் வைத்தார். நிறையக் கம்பிகள், அவற்றுக்கு மேலே நிற்கிற ஓர் ஆள். கம்பிகளுக்குக் கீழே யாரும் இல்லை.

“பாருங்க, அவரே ஒத்துக்கிட்டாரு. லிஃப்ட் காலி, ஆளு வெளியே. நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் போகணும். வேலைய விட்டு எடுக்கச் சொல்லிடலாம்.”

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து ஏறி இறங்கிய மனிதர். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?  ஆனாலும் கை தட்டச்சு செய்துவிட்டது. லிஃப்ட்காரர் வெளியே நிற்பதை இந்தப் படம் ‘டிபிக்ட்’ செய்கிறது என்று ஒரு வரி.

அந்த வரி அவளை விடவில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டாமா? காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். அந்த ஆளுக்குக் கால்கள் தூண் மாதிரி. தலை மட்டும் பட்டாணி அளவு. காலில் பூட்ஸ், அதில் லேஸைக்கூட விடாமல் முடிச்சோடு வரைந்திருந்தார். லிஃப்ட்காரர் ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதையும் போட்டு அவள் பார்த்ததில்லை.

காகிதத்தோடு நேராக லிஃப்டுக்குப் போனாள்.

“அண்ணே, இந்தப் படத்துல நிக்கிறது யாரு? நீங்களா?”

“நான் எதுக்கு என்னை வரையணும்?” என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. “அது மெக்கானிக்.”

“அப்ப நீங்க எங்க?”

 ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். லிஃப்ட் கிளம்பியது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் உள் கதவைச் சற்றே இழுத்தார், லிஃப்ட் நின்றது. எதிரே சுவர். அவள் அண்ணாந்து பார்த்தாள். கம்பிகளுக்கு மேலே மூன்றாம் மாடியின் தரை. அங்கே யாரோ நடந்துபோனார். முதலில் தெரிந்தது பிரம்மாண்டமான இரண்டு ஷூ. எங்கோ உச்சியில் குட்டித் தலை.

அவளுக்கு விளங்கிவிட்டது. மனிதர் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே வரைந்திருக்கிறார். இவர்கள் அதை வெளியே நின்று பார்த்த படமாக எடுத்துக்கொண்டார்கள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“அதான் வரைஞ்சு குடுத்தேனே.”

கேட்டில் இருந்த ரெஜிஸ்டரில் அந்த நாள், அந்த நேரத்தில் மெக்கானிக்கின் கையெழுத்து இருந்தது. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனுக்கே போன் போட்டார். அந்தப் பக்கம் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு உண்மையைக் கக்கியது. லிஃப்ட் வருவதைக் கவனிக்காமல் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தது அவன்தான், கை கொடுத்து லிஃப்ட்காரரை மேலே தூக்கிவிட்டதும் அவன்தான். ஸ்பேனர் எடுத்துவரக் கீழே போனவன், திரும்பும்போது மேனேஜரின் சத்தத்தைக் கேட்டு நைசாக நழுவியிருக்கிறான்.

டிக்‌ஷனரி அக்கா பழைய வரியை அடித்தாள். ‘டிபிக்ட்’ அப்படியே இருக்கட்டும், மற்றதையெல்லாம் மாற்றினாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரிப்போர்ட் போயிற்று.

வீட்டுக்குக் கிளம்பும்போது லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கத்துக்கு மாறாக அவரே வாய் திறந்தார்.

“இங்கிலீஷ்ல என்னம்மா எழுதினீங்க?”

“லிஃப்ட்காரர் உள்ளே உக்காந்து பாத்தத இந்தப் படம் காட்டுதுன்னு எழுதினேன்.”

அவர் இரண்டு மாடி தூரம் யோசித்தார்.

“படத்துல நான் இல்லியேம்மா. நம்புவாங்களா?”

“நீங்க இல்லாததாலதான்ணே நம்புவாங்க” என்றாள் அவள்.  அவர் தலையை ஆட்டிவிட்டு, தரைத்தளத்தில் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.