மொட்டைமாடி ஒயர்

என் தங்கைக்குக் காது கேட்காது. அவள் கோவையில், நான் மயிலாப்பூரில். தினமும் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் கைகளால் பேசிக்கொள்வோம். சென்ற ஆண்டு அவள் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் தனியாகப் படுத்திருந்த வாரத்தில்தான் எங்கள் மோடம் மக்கர் செய்யத் தொடங்கியது.

அவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்குவாள். படம் அப்படியே உறைந்துவிடும். மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினேன், மறுபடி அலமாரிக்கே கொண்டுவந்தேன். போன் சிக்னல் எங்கள் வீட்டுக்குள் எழுத்துச் செய்திக்கு மட்டுமே போதும். தெருவில் இறங்கிப் பார்த்தால் வெயிலில் திரை தெரியவில்லை. போனைப் பிடித்த கை போக மிச்சமிருந்த கையால் பாதிப் பேச்சுதான் பேச முடிந்தது. "நல்லா இருக்கேன்" என்று எழுதி அனுப்புவாள். முகத்தைப் பார்க்காமல் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமலே குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

புகார் கொடுத்தால் லைன்மேன் சாயங்காலம் வருவார். அப்போது விளக்கு பச்சையாக எரியும். இரண்டு முறை இப்படியே ஆனது. மூன்றாம் முறை, காலையில் வரச்சொல்லிக் கெஞ்சினேன். வந்தவர் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் மோடத்துக்கு இறங்கும் கறுப்பு ஒயரில் மூன்று ஈரப் புடவைகள் தொங்கின.

"துணி காயப்போட்டுக்கினு கீறாங்கக்கா. வெயிட்ல ஒயர் மடங்குது. காஞ்சு எடுத்தா சரியாப் பூடுது."

கீழ்வீட்டு மாமியின் புடவைகள். படியிறங்கும்போதே திட்ட வேண்டியதையெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டேன். கதவைத் திறந்த மாமி விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார்.

"பழைய கொடி அறுந்துடுத்து. இதையும் கொடின்னு நெனச்சுண்டுட்டேன்."

முழங்கால் வலியோடு அவரே மாடியேறிப் புடவைகளை எடுத்தார். நான் அவற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

லைன்மேன் மடங்கிய இடத்தை வெட்டி இணைத்து, ஒயரைச் சுவரோரமாக உயர்த்திக் கட்டினார். உடனே தங்கையைக் கூப்பிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை என்று கையசைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: படம் உறையும்போதெல்லாம் அவள் திரையில் நான் முகத்தைச் சுளித்தபடி நிற்பேனாம். எனக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைத்துத்தான் நல்லா இருக்கேன் என்று எழுதினாளாம்.

அன்று மதியமே சென்ட்ரலில் கோவை ரயில் ஏறினேன்.