பரிமாற ஆளில்லாத பந்தி

இந்த நாட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாண வரவேற்போ, பிறந்தநாளோ, கம்பெனி ஆண்டுவிழாவோ, வரிசையில் நின்று, மூடியைத் திறந்து, நாமே அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்க வேண்டியதுதான். வந்த புதிதில் எனக்கு அது பெரிய சுதந்திரமாகத் தெரிந்தது. மாயவரத்துக் கல்யாணப் பந்திகளில் இரண்டாவது வடைக்கு ஆளைக் கூப்பிட வெட்கப்பட்டே அரை வயிற்றோடு எழுந்தவன் நான். இங்கே ஐந்து வடை வைத்துக்கொண்டாலும் தடுப்பாரில்லை. நாலைந்து வருடம் போன பிறகுதான், ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா’ என்று கேட்கவும் யாருமில்லை என்பது உறைத்தது. போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் அதையும் மீறி ஒரு கரண்டி விழுமே, அது இந்த ஊரில் கிடையாது.

சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரு கடையைப் பற்றித்தான். துபாயில் சோனாப்பூர் என்றால் நம் ஆட்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, வரிசை வரிசையாக லேபர் கேம்ப்புகள். இன்னொன்று, இறந்தவர்களை ஊருக்கு அனுப்புமுன் உடலைப் பதப்படுத்தும் இடம். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஆட்களின் விசா, லீவு, டிக்கெட் பார்க்கும் குமாஸ்தா. யாராவது இறந்துபோனால் அந்தக் காகிதங்களும் என் மேஜைக்குத்தான் வரும். அப்படி வந்த ஒன்று கலியமூர்த்தியுடையது. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொத்தனார். கேம்ப்பில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய தம்பி செல்வம் அதே கம்பெனியில் கம்பி கட்டுகிறவன், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணனோடு ஊருக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வர லீவு கேட்டான். ஒரு வருடம் முடியாதவர்களுக்கு லீவு இல்லை என்பது கம்பெனி விதி. மேனேஜர் முடியாது என்று தலையை ஆட்டியதோடு சரி. அதை ஆங்கிலக் கடிதமாகத் தட்டச்சு செய்து செல்வத்தின் கையில் கொடுத்தவன் நான்.

“என்ன சார் போட்டுருக்கு?” என்றான்.

படித்துச் சொன்னேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காகிதங்கள் முடிய ஏழு நாள் ஆயிற்று. செல்வம் தினமும் என்னோடு வண்டியில் வந்தான். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், பையன் சுலைமானியைத் தவிர, அதாவது பால் இல்லாத டீயைத் தவிர, வேறெதையும் வாயில் வைப்பதில்லை. கேம்ப்பில் விசாரித்தால் அங்கேயும் அப்படித்தானாம். அதட்டிக் கேட்டேன்.

“இன்னும் எடுக்கலையே சார்” என்றான். “ஊருல எடுக்குற வரைக்கும் அடுப்பே பத்த வெக்க மாட்டாங்க. அண்ணன் அங்க கெடக்குறப்ப எனக்குச் சோறு எப்புடி சார் எறங்கும்?”

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். காலையில் சாவு விழுந்தால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிற ஊர்களுக்கான வழக்கம் அது. ஏழு நாள் எடுக்காமல் வைத்திருக்கும் ஊருக்கு யாரும் வழக்கம் ஏற்படுத்தி வைக்கவில்லை. கெஞ்சியதில் இரண்டு பன்னும் ஒரு வாழைப்பழமும் தின்றான். பதப்படுத்தும் இடத்து அலுவலகத்தில் ஒரு சூடானி குமாஸ்தா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். செல்வம் வேண்டாம் என்று தலையசைத்தான். “ஸாயிம்?” என்று என்னைக் கேட்டார். நோன்பா என்று அர்த்தம். விளக்க எனக்கு அரபியும் போதாது, மனசும் போதாது. ஆமாம் என்றேன். அவர் உடனே தட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்ததோடு, தன் முன்னாலிருந்த டீயையும் நாங்கள் போகும்வரை தொடவில்லை.

ஏழாம் நாள் மதியம் பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டி விமான நிலையத்தின் கார்கோவுக்குக் கிளம்பியது. அது ரவுண்டானாவில் திரும்பி மறையும்வரை செல்வம் கைகட்டி நின்றான். “எடுத்தாச்சு சார்” என்றான். “தலைக்கு ஊத்தணும்.” எதிரே லாரி டயர் கடைகள். அவற்றில் ஒன்றின் பின்புறக் குழாயடியில் சட்டையோடு உட்கார்ந்து ஒரு டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டான். நான் அவன் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் சுண்டவத்தல் பொரிகிற வாசனை. பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. கதவில் கையால் எழுதிய தாள்: ‘மதியம் பஃபே. பத்து திர்ஹாம். வேண்டிய மட்டும்.’

உள்ளே ஆறு மேஜை. சுவரோரம் எட்டுப் பாத்திரங்கள். கேம்ப் ஆட்களுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் நடத்தினார். “தட்டு அங்க இருக்கு சார், எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். செல்வம் ஈரத்தோடு உட்கார்ந்தவன் எழவில்லை.

“போய் எடுத்துப் போட்டுக்கோப்பா.”

“என் கையால நானே அள்ளிப் போட்டுக்கவா சார்? இன்னைக்கா?” என்றான். “வேணாம் சார். நீங்க சாப்புடுங்க.”

அப்போதுதான் புரிந்தது. சாவு வீட்டில் யாரும் தானாகப் போட்டுச் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது தட்டைக் கொண்டுவந்து, ஒரு வாய் சாப்பிடு என்று திட்டி, போட்டுத்தான் அந்த முதல் சோறு இறங்கும். நான் எழுந்தேன். சாதம், வத்தக்குழம்பு, வாழைக்காய், ரசம். கொண்டுவந்து அவன்முன் வைத்தேன். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். தட்டு காலியாகக் காலியாகக் கேட்காமலே போட்டேன். மூன்று முறை போய் வந்தேன். இந்த நாட்டில் நான் ஒருவனுக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை. கடிதம் கொடுத்த அதே கை. பிறகு நானும் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

ருசி யாரை விட்டது. அடுத்த மாதமே மனைவி சுமதியையும் மகள் கயலையும் கூட்டிப்போனேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சுமதி கேட்டதற்கு, ஆபீஸில் சொன்னார்கள் என்றேன். ஷார்ஜாவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து டயர்களைத் தாண்டிப் போய்ச் சாப்பிடுவது எங்கள் வெள்ளிக்கிழமை வழக்கமாயிற்று. வெள்ளியன்று மட்டும் சேமியா பாயசம் இருக்கும். ஏழு வயதுக் கயலுக்கு அந்தக் கடை என்றாலே பாயசம்தான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாயவரத்திலிருந்து தம்பி போன் செய்தான். அப்பா போய்விட்டார். மூத்த மகன் நான். கொள்ளி நான் வைக்க வேண்டும். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த என் பாஸ்போர்ட் இமிக்ரேஷனில் இருந்தது. வெள்ளி, சனி அலுவலகம் கிடையாது. எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்ட விதிகளை நிதானமாக எடுத்துச் சொன்னவன், அன்று மூன்று பேருக்குப் போன் போட்டு அழுதேன். மூவரும் என்னைப் போலவே நிதானமாகத்தான் பதில் சொன்னார்கள்.

“ஐஸ் பெட்டியில வெச்சிருக்கோம்ணே” என்றான் தம்பி. “நீ வர்ற வரைக்கும் ரெண்டு மூணு நாள் வெச்சுக்கலாம். எல்லாரும் சரிங்குறாங்க.”

கலியமூர்த்தியின் ஏழு நாள் என் கண்முன் வந்தது. அப்பாவை அப்படிக் காக்க வைக்க முடியவில்லை. “வேணாம்டா” என்றேன். “எடுத்துடுங்க.” என் வாயால்தான் சொன்னேன்.

வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கயல் பிஸ்கட் தின்றாள். தாத்தாவை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். என்ன செய்வது என்று தெரியாமல் சத்தமில்லாமல் படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டரை மணிக்குத் தம்பி போனைப் பிடித்துக் காட்டினான். சங்கு கேட்டது. அம்மாவின் குரல் கேட்டது. பிறகு, “எடுத்தாச்சுண்ணே.”

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். “எனக்கு அடுப்புக்கிட்டப் போகவே கை வரலங்க. பிள்ள பட்டினியா இருக்கா” என்றாள் சுமதி. வண்டி தானாக சோனாப்பூருக்குத்தான் போயிற்று.

ஊரிலிருந்து போன் வந்து சுமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் கயலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். எட்டுப் பாத்திரங்களும் பத்தடி தூரத்தில் இருந்தன. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. செல்வம் உட்கார்ந்த அதே மேஜை.

“அப்பா, இட்ஸ் பஃபே” என்றாள் கயல். “நாமதான் போய் எடுக்கணும்.”

“தெரியும்மா” என்றேன். ஆனாலும் எழவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எக்கி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், நாக்கைக் கடித்தபடி திரும்பி வந்தாள். தட்டில் இரண்டு அப்பளம். நடுவில் இரண்டு கிண்ணம் சேமியா பாயசம். தனக்குத் தெரிந்த உலகத்திலேயே நல்ல சாப்பாட்டை எனக்குக் கொண்டுவந்திருந்தாள்.

உள்ளே வந்த சுமதி அதைப் பார்த்துப் பதறிப்போனாள். “ஐயையோ, இன்னைக்குப் போயி இனிப்பா...” என்று கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினாள். நான் அதற்குள் எடுத்துவிட்டேன். அந்த நேரம் மாயவரத்தில் தம்பி, எனக்குப் பதிலாக, கொள்ளி வைத்துக்கொண்டிருப்பான். நான் துபாயில் டயர் கடைக்குப் பின்னால் பாயசம் குடித்தேன். முந்திரியைக்கூட விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் வேணுமாப்பா?” என்றாள் கயல்.

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.