ஜவுபர் மாஸ்டர் இழுத்த கோடு

சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஜவுபர் மாஸ்டர் பள்ளிவாசல் வாயிலிலிருந்து தம் வீட்டுப் படலை வரை நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடக்கிறார். வயது ஐம்பத்தொன்பது. கல்முனையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறார். மாரியில் ஒழுங்கையின் நடுவே வெள்ளம் நின்றாலும் சுற்றிப் போகமாட்டார்; நேரே அதற்குள் இறங்கிவிடுவார்.

“ஓரத்தால வாங்களன் மாஸ்டர், சாரன் நனையிது!” என்பார் கடைக்கார றிபாஸ். அவர் பழைய மாணவர்.

“ஓரத்தால வந்தா அது வளைவு. எட்டாம் ஆண்டில உனக்கு அடிச்சது பத்தல்ல போல.”

நேர்கோடு வேறு, நேர்கோட்டுத் துண்டம் வேறு என்பதில் அவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. “கோட்டுக்கு முனையில்ல. இங்கால நாவிதன்வெளியையும் தாண்டும், அங்கால கடலுக்குள்ளயும் போகும், நிக்காது. துண்டத்துக்கு ரெண்டு முனை இருக்கு. அது சொன்ன இடத்தில நிக்கும்.”

உறவினர் காணி பிரிக்கும்போது படம் கீறுபவரும் இவரே. பழக்கதோஷத்தால் எல்லையின் இரு பக்கமும் அம்புக்குறி போட்டுவிடுவார். ஒருமுறை காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அப்துல் ஹமீட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், உங்கட மச்சான் கடலையும் சேத்தா எழுதிக் குடுக்கிறார்?” என்று கேட்டார். பிழை நொத்தாரிசுடையது என்றே மாஸ்டர் இன்றும் கருதுகிறார்.

1996இல் இளைய மகள் ஸம்றாவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைப்பது எங்கள் வழக்கம். வளவின் வடக்கு வீட்டில் மூத்தவர் நதீரா குடியிருந்தார்; தெற்கே ஸம்றாவுக்குப் புதுவீடு எழுந்தது. வளவைச் சரிபாதியாக்க, மாஸ்டர் ஒழுங்கையிலிருந்து பின்வேலி வரை நூல் கட்டினார். வேலி கட்ட வந்த நற்பிட்டிமுனை அழகரெத்தினம் நூலோரமாகக் கதியால் கம்புகளை நட்டுக்கொண்டே வந்தார். கிணற்றைத் தாண்டிய பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தனர். வளவிலிருந்த ஒரே கிணறு முழுவதும் நதீராவின் பக்கம் கிடந்தது.

ஸம்றாவின் முகம் வாடியது. “மாப்பிள்ள வந்த பொறகு நான் ராத்தாட படலையத் தட்டித் தண்ணி கேக்கவா, வாப்பா?”

“கிணத்தடியில கொஞ்சம் வளைச்சுக் கட்டுவமா சேர்?” என்றார் அழகரெத்தினம்.

“வளைச்சா மத்தப் புள்ளைக்குத் தண்ணி இல்ல. கோடும் கெட்டுப் போகும்.” இரண்டு துயரங்களையும் மாஸ்டர் ஒரே குரலில் சொன்னார்.

வாளியோடு நின்ற நதீரா குறுக்கிட்டார். “ஆரு வாப்பா வளைக்கச் சொன்ன? நிப்பாட்டுங்க. ஒழுங்கையில இருந்து கிணத்தடி வரைக்கும் ஒரு துண்டம். அங்கால போய் இன்னொரு துண்டம். நடுவால நாங்க ரெண்டு பேரும் தண்ணி அள்ளுவம்.”

“அப்ப என்ட கோடு?”

“ரெண்டு துண்டமும் உங்கட கோட்டிலதானே கிடக்கு. நீங்க படிப்பிச்ச கணக்குத்தான்.”

“புள்ள சரியாத்தான் கதைக்கிது சேர்,” என்றார் அழகரெத்தினம். “எனக்கும் நாலு கதியால் மிச்சம்.”

மாஸ்டர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலை நெடுநேரம் பார்த்தார். மகளின் கூற்றில் ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடினார் என்பது என் கணிப்பு. கிடைக்கவில்லை. பின்னர் கிணற்றடிக்குப் போய், நட்டிருந்த கதியால்களை ஒருவரையும் தொடவிடாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குழிகளை வெறுங்காலால் மிதித்து மூடினார்.

இடைவெளி ஆறடி. ஆண்டு மூன்றாயிற்று; இன்றும் இருவரும் அங்கேதான் தண்ணீர் அள்ளுகிறார்கள்.